இரண்டாம் கொடி

குழந்தை ஒன்றுதான். கொடி இரண்டு இருந்தது.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். ஸ்கேன் அறையின் கறுப்புத் திரைச்சீலைகள் நடுப்பகலை வெளியே நிறுத்தியிருந்தன; உள்ளே ஏ.சி.யின் சீரான இரைச்சல், குளிர்ந்த ஜெல்லின் பசை வாசனை, திரையிலிருந்து சுவரில் வழிந்த சாம்பல் வெளிச்சம். கட்டிலில் மருமகள் படுத்திருந்தாள். அவள் வயிற்றின் மேல் வைத்திருந்த புரோபை, ஸ்கேன் கருவியின் கைப்பிடியை, டாக்டரம்மா ஒரு விரல் அளவு நகர்த்தினார். கர்ப்பப்பையின் சுவரில், பிரசவத்தில் குழந்தைக்குப் பின்னால் வெளிவரும் நஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் நடுவிலிருந்து தொப்புள்கொடி புறப்பட்டு, முறுக்கிக்கொண்டு வளைந்து, குழந்தையின் வயிற்றுக்குப் போனது. அதில் குறை ஒன்றுமில்லை. ஆனால் நஞ்சின் ஓரத்திலிருந்து இன்னொன்றும் புறப்பட்டிருந்தது. அதே பருமன், அதே முறுக்கு. அது குழந்தையின் பக்கமே போகவில்லை. சுவரை ஒட்டி இறங்கி, மெல்ல மேலேறி, திரையின் விளிம்புக்கு வந்து, விளிம்பைத் தாண்டிப் போய்விட்டது.

டாப்ளரைப் போட்டார். அது ரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டும். புரோபை நோக்கி வருகிற ரத்தம் சிவப்பு, விலகிப் போகிற ரத்தம் நீலம். குழந்தையின் கொடியில் சிவப்பும் நீலமும் பின்னிக்கொண்டு ஓடின. இரண்டாவது கொடியில் நீலமே இல்லை. முழுக்கச் சிவப்பு. எல்லாம் வந்துகொண்டிருந்தது, ஒன்றும் திரும்பிப் போகவில்லை.

"என்ன அத்தை, வாயே திறக்க மாட்டேங்கறீங்க. உள்ள ஆள் இருக்கா, காலி பண்ணிட்டுப் போயாச்சா?"

"ஸ்கேன் பண்ணும்போது நான் பேசறதில்லன்னு உனக்குத் தெரியும்."

"தெரியும். மருமகளாச்சே, ஒரு சலுகை கிடைக்கும்னு பார்த்தேன்."

சலுகை கிடையாது. டாக்டரம்மாவின் மாமனார் எக்ஸ்ரே கருவி ஒன்றோடு தொடங்கிய காலத்திலிருந்து அந்த இடத்தின் முறை அதுதான். திரையைப் படுத்திருப்பவர் பக்கம் திருப்புவதில்லை. பார்த்து முடிக்கும்வரை பேசுவதில்லை. முடித்ததும் ஒரே வாக்கியம். அந்த வாக்கியத்துக்காகத்தான் மூன்று தெரு தாண்டியும் ஆட்கள் வந்தார்கள். கீழே ஸ்கேன் சென்டர், மேலே வீடு, வாசலில் குடும்பப் பெயரோடு ஒரு பலகை. டாக்டரம்மா சொன்னால் சொன்னதுதான் என்று மற்ற டாக்டர்களே சொல்வார்கள். அவர் சொன்ன எதையும் இன்னொருவர் பார்த்துத் திருத்தியதில்லை.

மருமகள் ஆரம்ப மாதங்களில் ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் லேசாகக் கேட்டிருந்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் தன் தோழி வேலை பார்க்கிறாள், ஒரு தடவை அங்கேயும் காட்டிக்கொள்ளலாமா என்று. டாக்டரம்மா கையிலிருந்த டம்ளரைச் சத்தமில்லாமல் மேசையில் வைத்தார். "இந்த வீட்டுக் குழந்தையை இன்னொருத்தர் பார்த்துச் சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?" என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எழவில்லை. குழந்தை ஒன்று, கொடி ஒன்று, குறை ஒன்றுமில்லை என்று அவரே பார்த்து, அவரே எல்லோருக்கும் சொன்னார்.

இப்போது டிஷ்யூவை எடுத்து மருமகளிடம் நீட்டினார்.

"எல்லாம் சரியா இருக்கு."

அந்த வாக்கியம் தடங்கலே இல்லாமல் வந்தது. நாக்கின் நுனியில் யாரோ தயாராக வைத்துவிட்டுப் போனதைப் போல.

*

பயப்பட ஒன்றுமில்லை என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மருத்துவத்தில் இதற்கு விளக்கம் உண்டு. இரட்டையாகத் தொடங்கி, ஒன்று ஆரம்பத்திலேயே நின்றுபோயிருக்கும். நின்றுபோனது சில சமயம் கரைந்துவிடாது. தலையில்லாமல், இதயமில்லாமல் ஒரு சதை உருண்டையாக நஞ்சில் தொங்கிக்கொண்டு, உயிரோடிருக்கும் குழந்தையின் ரத்தத்தையே வாங்கி வளர்ந்துகொண்டிருக்கும். அதற்கும் சேர்த்து இறைத்து இறைத்து நல்ல குழந்தையின் இதயம் வீங்கும். கவனிக்காமல் விட்டால் நின்றுவிடும். அவருடைய காலத்தில் அப்படி ஓரிரண்டு பார்த்திருக்கிறார். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால், அந்த இரண்டாவது கொடியை உள்ளேயே லேசரால் அடைத்துவிடுவார்கள். குழந்தை பிழைத்துக்கொள்ளும்.

ஆகவே கொடியின் மறுமுனையில் ஒரு உருண்டை இருக்கவேண்டும். அது எங்கே என்று தெரிந்த பிறகு அனுப்பலாம்.

தெரியாமல் அனுப்பினால்? அங்கே ஸ்கேன் பிரிவில் இருப்பவன் இவரிடம் பயிற்சி பெற்றவன். அவன் திரையைப் பார்ப்பதும், புருவத்தை உயர்த்துவதும், பக்கத்தில் இருப்பவரிடம், "இதை மேடம் எப்படி விட்டாங்க?" என்று தணிந்த குரலில் கேட்பதும் அவருக்கு இங்கிருந்தே தெரிந்தது. சொந்த மருமகளையே சரியாகப் பார்க்கத் தெரியவில்லை என்ற பேச்சு அன்று மாலைக்குள் ஊர் முழுக்கப் போய்விடும். பலகையில் இருப்பது அவர் பெயர் மட்டுமல்ல.

முதலில் முனையைக் கண்டுபிடிப்பது. பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சாப்பிட்டுவிட்டு வழக்கம்போல மாடி அறையில் சற்று நேரம் கண்ணயரப் படுத்தார். வெயிலில் காய்ந்த தலையணை உறையின் மணம், ஜன்னல் கம்பியில் சிறகடிக்கும் புறா, தெருவில் தூரத்து வண்டிகள். இடப்பக்கம் புரண்டு காதைத் தலையணையில் அழுத்தியபோது ஒரு சத்தம் கேட்டது. ஈரத் துணியை யாரோ நிறுத்தாமல் கல்லில் அடிப்பதைப் போல, வேகமாக, சீராக, தண்ணீருக்கு அடியிலிருந்து. தினமும் கேட்கிற சத்தம்தான். வயிற்றுக் குழந்தையின் இதயத்தை டாப்ளரில் போட்டால் அப்படித்தான் கேட்கும்.

கருவியை அணைக்க மறந்துவிட்டோமா என்று நினைத்தார். எழுந்து கீழே போய்ப் பார்த்தார். அணைத்துத்தான் இருந்தது, திரை கறுத்து, அவர் முகத்தையே மங்கலாகக் காட்டியது. கீழே சத்தமில்லை.

மேலே வந்து படுத்தார். கேட்டது.

வயசானால் சொந்த நாடியே காதில் கேட்கும், அதிசயமில்லை. மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். அவருடைய நாடி நிதானமாக அடித்துக்கொண்டிருந்தது. தலையணைக்குள் கேட்டது அதைவிட இரண்டு மடங்கு வேகம்.

*

"மேடம், தப்பா நினைக்கலேன்னா ஒண்ணு கேட்கலாமா?" என்றாள் ரேடியோ. வரவேற்பு மேசையில் இருக்கும் சிஸ்டருக்கு அந்தப் பெயர் வைத்தது மருமகள்தான். அணைக்கப் பொத்தான் கிடையாது என்பாள். "ஏதாவது டானிக் எடுத்துக்கறீங்களா?"

"எதுக்கு?"

"முகத்துல அப்படி ஒரு களை. முட்டி வலி முட்டி வலின்னு மாடிப்படியில உக்காந்து உக்காந்து ஏறுவீங்க. இப்ப என்னையே முந்திக்கிட்டுப் போறீங்க. அந்த டானிக்கு எங்க கிடைக்கும்னு சொன்னா நானும் வாங்கிக்குவேன்."

"வேலையைப் பாரு."

"பார்த்துக்கிட்டேதான் பேசறேன். கோட்டு பட்டன் போட முடியலன்னு நீங்களேதான் சொன்னீங்க. நானா எதுவும் சொல்லல."

பட்டன் போட முடியவில்லை என்பது உண்மை. முட்டி வலி போனதும் உண்மை. பசியும் அதிகமாகியிருந்தது. மேசையில் மருமகள் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளிவைப்பாள். அவள் கன்னம் ஒட்டி, மணிக்கட்டில் எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. வயிறு மட்டும் அவளோடு சேராத ஏதோ ஒன்றைப் போல முன்னால் நின்றது. தள்ளிவைத்த தட்டு எப்படியோ டாக்டரம்மாவின் பக்கம் வந்து சேரும். பேச்சுக்கு நடுவே அது காலியாகும். எப்போது கை நீட்டினோம் என்று அவருக்கு நினைவிருக்காது.

"அவளுக்கும் சேர்த்து நீயே சாப்பிட்டுடறியேம்மா," என்று மகன் சிரித்தான். ரத்தத்தைப் பார்த்தால் மயங்கி விழுகிறவன் என்பதால் மருத்துவம் படிக்காதவன். உடம்பு சம்பந்தமான எதிலும் அம்மாவின் வார்த்தையே அவனுக்குக் கடைசி வார்த்தை.

மருமகள் சிரிக்கவில்லை. "அத்தை, குழந்தை முன்ன மாதிரி உதைக்கல."

"வளர்ந்தா இடம் குறையும். உதைக்கறதும் குறையும்."

"வளருதா?"

"வளருது," என்றார்.

வளரவில்லை. அது அவருக்குத் தெரியும். நாள் விட்டு நாள் மதிய நேரத்தில், சென்டரைச் சாத்திவிட்டு, அவளைப் படுக்கவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தையின் தொடை எலும்பு நீளவில்லை. இதயம் மட்டும் நெஞ்சுக்கூட்டில் பாதியை அடைத்துக்கொண்டு வீங்கியிருந்தது. அதைச் சுற்றி மெல்லிய கறுப்புக் கோடாக நீர். இரண்டாவது கொடி தடித்துக்கொண்டே போனது. அதன் முனையைத் தேடி விலாவிலிருந்து இடுப்புவரை புரோபை அழுத்தி அழுத்தித் தேய்ப்பார். சதை உருண்டை எங்குமில்லை. கொடி கர்ப்பப்பையின் சுவரைத் தொடும். சுவருக்குள் நுழையும். அதற்குப் பிறகு சதை, தோல், ஜெல், புரோப், அவருடைய கை.

முன்பெல்லாம் தினமும் காலையில் கதவைத் தாளிட்டுக்கொண்டு, முதல் ஆள் வருமுன் புரோபைத் தன் வயிற்றிலேயே வைத்து, கல்லீரல் தெளிவாகத் தெரிகிறதா என்று கருவியைச் சரிபார்ப்பது அவர் வழக்கம். மாமனார் கற்றுக்கொடுத்தது; முதலில் தன் உடம்பு, பிறகுதான் பிறர் உடம்பு. கொஞ்ச காலமாக வயிற்றுக்குப் பதில் முன்கையில் வைத்துப் பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டிருந்தார். ஏன் மாற்றினோம் என்று அவர் யோசித்ததில்லை. யோசிக்கப் போனால் வேறு ஏதாவது வேலை நினைவுக்கு வந்துவிடும்.

*

ஏ.சி. ஒழுகத் தொடங்கியது. கருவியின் மேல் சொட்டிவிடப் போகிறது என்று பழுது பார்க்க வந்தவன் அந்தக் கருவியைக் கட்டிலின் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் தள்ளிவைத்துவிட்டுப் போனான். வெளியே மழை பிடித்திருந்தது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக டாக்டரம்மா கட்டிலின் இடப்பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். பழகாத கோணம். சுவர் கடிகாரம் முதுகுப் பக்கம் போய்விட்டது. பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

புரோபை வைத்தார். இரண்டாவது கொடி இருந்த இடத்தில் இல்லை.

சட்டென்று ஒரு நிம்மதி வந்தது. அடைபட்டு வாடிப் போயிருக்கும். அப்படியும் நடப்பதுண்டு. புரோபைக் கொஞ்சம் சாய்த்தார்.

இடப்பக்கம் இருந்தது. நஞ்சின் ஓரத்திலிருந்து புறப்பட்டு, குழந்தையின் முதுகைச் சுற்றிக்கொண்டு, இவ்வளவு நாள் போகாத வழியில், இடப்பக்கச் சுவருக்கு வந்திருந்தது.

சிவப்பாக.

அவர் நாற்காலியைக் கால்மாட்டுக்கு நகர்த்திக்கொண்டு, கையை மட்டும் நீட்டிப் புரோபை அழுத்திப் பிடித்தார். திரையில் கொடி அசைந்தது. அவசரமில்லாமல், ஜன்னல் பக்கம் வளையும் செடியைப் போல, முறுக்கை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டு, கால்மாட்டின் பக்கம் திரும்பியது.

"கை நடுங்குது அத்தை உங்களுக்கு," என்றாள் மருமகள்.

"ஏ.சி. குளிர்."

"ஏ.சி.யை அணைச்சிருக்கே."

அவர் எழுந்தார். கதவைத் திறந்து ரேடியோவைக் கூப்பிட்டார். புரோபை அவள் கையில் கொடுத்து, இந்த இடத்தில் அசையாமல் பிடித்துக்கொள் என்றார். "எனக்கு ஒண்ணும் தெரியாதே மேடம்" என்றவளிடம், பிடித்தால் போதும், திரையைப் பார்த்துக்கொண்டிரு என்றார். அவர் திரும்பி, கதவுப் பக்கம் நடந்தார். முதுகில் வாளியின் சொட்டுச் சத்தம். மழையின் சத்தம்.

"என்னமோ கயிறு மாதிரி ஆடுது மேடம்," என்றாள் ரேடியோ.

கதவருகே நின்றார்.

"இப்ப நின்னுடுச்சு."

கழுவுதொட்டிப் பக்கம் நடந்தார்.

"மறுபடி ஆடுது. அட, நீங்க போற பக்கமே திரும்புது பாருங்க." ரேடியோ சிரித்தாள். "பொறக்கறதுக்கு முன்னாடியே பாட்டி பின்னால ஓட ஆரம்பிச்சிருச்சு. பொறந்த பிறகு அம்மாவை யாரு கண்டுக்கப் போறாங்க?"

மருமகளும் சிரிக்கப் பார்த்தாள். பாதியிலேயே இருமல் வந்துவிட்டது.

டாக்டரம்மா கழுவுதொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. கன்னம் நிரம்பி, உதடு சிவந்து. வகிட்டின் இரு பக்கமும், நரைத்த மயிரின் அடியில், கறுப்பு முளைத்திருந்தது.

*

இரண்டு நாள் அவர் அவளை ஸ்கேன் அறைக்குக் கூப்பிடவில்லை. போனை எடுத்துப் பெரிய ஆஸ்பத்திரியின் எண்ணைப் போட்டார். மறுமுனையில், "மேடம், நீங்களா? சொல்லுங்க மேடம், என்ன விஷயம்?" என்று பழைய மரியாதையோடு அவன் குரல் எழுந்தது. சொல்லவேண்டியதை அவர் ஒத்திகை பார்த்து வைத்திருந்தார். ஆனால் தன் குரலில் அவர் காதில் விழுந்தது வேறு.

"சும்மாதான்பா. எப்படி இருக்கேன்னு கேட்க."

போனை வைத்தார். வயிற்றுக்குள் ஏதோ மெல்லப் புரண்டு படுத்தது. பசி என்று எண்ணிக்கொண்டார்.

மூன்றாவது நாள் மாலை, விளக்குப் போடுகிற நேரத்தில், மருமகள் தானாகவே படியிறங்கி வந்தாள். கைப்பிடிச் சுவரைப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று. ரேடியோ வீட்டுக்குப் போயிருந்தாள். வாசலில் மகன் வண்டியைக் கிளப்பி வைத்திருந்தான். இன்ஜின் உறுமுவது மழைக்கு நடுவே கேட்டது.

"அத்தை, காலையிலருந்து அது அசையவே இல்ல."

"படு. பார்க்கறேன்."

"பாருங்க. ஆனா இன்னிக்கு ஒண்ணு கேட்டுக்கறேன்." கட்டிலில் ஏறி உட்கார அவளுக்கு மூச்சு வாங்கியது. "எனக்கு உங்களை விட்டா யார் மேலயும் நம்பிக்கை இல்ல. அதனாலதான் இத்தனை நாள் வாயைத் திறக்கல. நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும். சரியில்லன்னா, வண்டி ரெடியா இருக்கு, இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடறோம். சரியா இருக்குன்னா, நான் மேல போய்ப் படுத்துத் தூங்கறேன். பயத்துல தூங்கியே நாளாச்சு அத்தை."

அவர் தலையசைத்தார். விளக்கை அணைத்தார்.

குழந்தையின் இதயம் அடித்துக்கொண்டிருந்தது. அடித்து, நின்று, யோசித்து, மறுபடி அடித்தது. தோலுக்கு அடியில் நீர் கோத்து, தலையைச் சுற்றி ஒரு கறுப்பு வளையம். கைவிரல்கள் விரிந்தபடி அசையாமல் கிடந்தன. உயிர் இருந்தது. இந்தக் கணமே கொண்டுபோனால் அவர்கள் ஏதாவது செய்யக்கூடும். நாளைக்கு முடியாது. அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

இரண்டாவது கொடி குழந்தையின் உடம்பைவிடத் தடித்திருந்தது. அது எங்கேயும் தேடிப் போகவில்லை. நேராக வந்தது. அவரை நோக்கி. சிவப்பாக.

பலகை. மாமனார். பயிற்சி பெற்றவனின் புருவம். எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. முதல் தடவையாக அவை சின்னதாகத் தெரிந்தன. போய்த் தொலையட்டும் என்று நினைத்தார். சொல்லிவிடலாம். நான் தவறவிட்டேன், என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை, ஓடு என்று சொல்லிவிடலாம்.

உதடு பிரியவில்லை.

மருமகள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கதவுக்கு வெளியே உக்காரு," என்றார் கடைசியில். அது அவருடைய குரல்தான். "கருவியில ஒண்ணு சரிபார்க்கணும். பார்த்துட்டுச் சொல்றேன்."

அவள் போனாள். நடைவழியில் பெஞ்சு முனகியது. டாக்டரம்மா கதவைச் சாத்தித் தாளிட்டார். கோட்டைக் கழற்றினார். ஜெல்லை எடுத்தார். கட்டிலில் மருமகளின் உடம்புச் சூடு இன்னும் இருந்தது. அதில் மல்லாந்து படுத்தார்.

முதலில் தன் உடம்பு.

அவருடைய கர்ப்பப்பையை எடுத்துப் பல வருஷமாகிவிட்டது. அந்த இடத்தில் குடலும் பழைய தழும்பும் தவிர ஒன்றும் இருக்க வழியில்லை. தொப்புளுக்குக் கீழே புரோபை வைத்தார். ஜெல் குளிரவில்லை. ஒலியைக் கூட்டினார். ஈரத் துணி கல்லில் அறைந்தது. வேகமாக. சீராக. உறுதியாக. கதவுக்கு அப்பால் தடுமாறிக்கொண்டிருந்த அதே இதயம், இங்கே வந்து சேர்ந்ததும் தடுமாறவில்லை.

திரையைப் பார்த்தார்.

கொடி உள்ளே வந்திருந்தது. எந்த வழியாக வந்தது என்பது தெரியவில்லை. தடித்து, முறுக்கிக்கொண்டு, சிவந்து ஓடிக்கொண்டிருந்தது. புரோபை நகர்த்தி அதன் கூடவே போனார். விரல் அளவு. இன்னும் ஒரு விரல் அளவு.

முனை இருந்தது.

சதை உருண்டை இல்லை. முதுகெலும்பு இருந்தது. வளையாமல், வயிற்றுக் குழந்தைகள் சுருண்டிருப்பதைப் போலச் சுருளாமல், நிமிர்ந்து, அவருடைய முதுகைப் போலவே நேராக. உட்கார்ந்திருந்தது. தலை இருந்தது. நெஞ்சுக்கூட்டைப் பார்த்தார். இதயம் இல்லை. அந்த இடம் வெறும் கறுப்பு.

அது திரும்பியது.

முகம் புரோபின் பக்கம் வந்தது. கண் மூடியிருந்தது. வாய் திறந்து, மூடி, விழுங்கியது. திறந்து, மூடி, விழுங்கியது.

கதவை யாரோ விரலால் தட்டினார்கள்.

"அத்தை?" மருமகளின் குரல். "எப்படி இருக்கு? போகணுமா?"

போ என்று சொல்ல வேண்டும். ஒரே ஒரு எழுத்து. நெஞ்சு நிறையக் காற்றை இழுத்துக்கொண்டார். பல்லைப் பிளக்கப் பார்த்தார். தாடை பூட்டியிருந்தது. உதடு உதட்டோடு ஒட்டியிருந்தது. போ. போ. கட்டில் கம்பியை ஓங்கி அடிக்கக் கையைத் தூக்க முயன்றார். கை எழவில்லை.

திரையில் அந்தச் சின்ன வாய் விழுங்குவதை நிறுத்தியது.

திறந்தது.

"எல்லாம் சரியா இருக்கு."

அவருடைய குரல். அவருடைய நிதானம். அறை முழுக்கக் கேட்டது. அவர் உதடு அசையவில்லை.

வெளியே ஒரு நீண்ட பெருமூச்சு. "நீங்க சொல்லிட்டா போதும் அத்தை." அழுகையும் சிரிப்புமாகக் குரல் உடைந்தது. "ஏங்க, வேணாமாம். வண்டியை நிறுத்துங்க."

செருப்புச் சத்தம் படியேறியது. ஒரு படி. நின்றது. இன்னொரு படி.

வாசலில் இன்ஜின் உறுமல் அடங்கியது. மழை மட்டும் கேட்டது. கதவுக்கு இந்தப் பக்கம் சாம்பல் வெளிச்சத்தில், அது முகத்தைத் திருப்பிக்கொண்டு, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, வாயைத் திறந்தது. விழுங்கியது. திறந்தது.